பொறிக்கு எழுத்தறிவிக்க எண்ணியவர்

எழுத்தறிவிக்கும் தொழிலை நம் முன்னோர் தெய்வத் தொழிலாகவே கொண்டனர். மழலை மாறாத பிள்ளைக்கு ஏடு தொடக்கி, பரப்பிய அரிசியிலே அதன் விரலைப் பிடித்து அகரம் எழுதுவித்த ஆசானை, அப்பிள்ளை வளர்ந்து பேரறிஞனாகிய பின்னரும் மறப்பதில்லை. மனிதப் பிள்ளைக்கே உரியதென்று நெடுங்காலம் கருதப்பட்ட இவ்வெழுத்தறிவை உயிரற்ற பொறியொன்றுக்கும் ஊட்டலாமோ எனச் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலே ஒருவர் ஆராயப் புகுந்தார். எல்லாம் அறிந்த பொறியொன்றை ஒரே முறையிற் செய்து முடித்தல் அரிது. ஒன்றுமறியாக் குழந்தை போன்ற பொறியொன்றை அமைத்து, அதற்குப் படிப்படியாகப் பாடஞ் சொல்லுதலே தக்க நெறி என்று அவர் துணிந்தார். அவரே அலன் ரியூறிங் என்னும் ஆங்கிலக் கணித மேதை.

இன்று கணனிகள் இணையத்திலே பரந்து கிடக்கும் கோடிக்கணக்கான பக்கங்களை இரவு பகலாகப் படிக்கின்றன. எந்நகர் எந்நாட்டின் தலைநகர், எம்மருந்து எந்நோய்க்கு உரியது என்றின்னோரன்ன செய்திகளைத் தாமே திரட்டுகின்றன. வினவுவார்க்கு விடையும் கூறுகின்றன. இவ்விந்தையின் ஊற்றினை நாடிச் செல்வோர் ரியூறிங்கின் வாழ்க்கையிலே வந்து நிற்பர். நாற்பத்தோராண்டே நிலவிய அவ்வாழ்க்கை, கற்றல் என்பது யாது, கற்பித்தல் என்பது யாது என்னும் வினாக்களை ஆசிரியர் முன்னும் மாணவர் முன்னும் வைக்கின்றது. அதனை ஈண்டுச் சுருக்கமாகக் காண்பாம்.

பெற்றோரும் பிறப்பும்

ரியூறிங்கின் தந்தையார் யூலியஸ் மதிசன் ரியூறிங் இந்திய சிவில் சேவையில் அமர்ந்து சென்னை மாகாணத்திற் பணியாற்றியவர். அச்சேவைக்குரிய இறுதித் தேர்வின்பொருட்டு அவர் இந்தியச் சட்டங்களோடு தமிழ்மொழியையும் பயின்றார் என்பது நமக்கு உவகை தரும் செய்தியாகும். தாயார் எதெல் சாரா 1881 ஆம் ஆண்டிற் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரிலே பிறந்தவர். அவ்வம்மையாரின் தந்தை எட்வேட் வாலர் ஸ்ரோணி, சென்னை இருப்புப்பாதையிலே தலைமைப் பொறியியலாளராய் விளங்கியவர். அக்காலத்து மாளிகைகளிலே காற்றுக்காக இழுக்கப்பட்ட பங்காவினை ஓசையின்றி இயக்கும் சக்கரமொன்றையும் புனைந்தவர். எனவே, பொறியமைக்கும் மதிநுட்பம் அலனுக்குத் தாய்வழி வந்ததெனக் கூறினும் பிழையாகாது.

மூத்த மகனாகிய யோன் 1908 ஆம் ஆண்டில் நீலகிரியைச் சார்ந்த குன்னூரிலே பிறந்தார். இளையவராகிய அலன், பெற்றோர் விடுமுறையில் இங்கிலாந்து சென்றிருந்த காலத்து, 1912 ஆம் ஆண்டு யூன் 23 ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். குழந்தைகளை இந்தியாவின் வெப்பத்துக்கும் நோய்க்கும் உட்படுத்த விரும்பாத பெற்றோர், அக்காலத்து அரசாங்க உத்தியோகத்தர் பலரும் செய்தவாறே, அவர்களை இங்கிலாந்திலே விட்டுச் சென்றனர். ஹேஸ்ரிங்ஸ் நகரை அடுத்த கடற்கரையூரொன்றில், ஓய்வுபெற்ற படைத்தலைவர் ஒருவரின் இல்லத்திலே அச்சிறுவர் வளர்ந்தனர். தாய் தந்தையர் கடல் கடந்து வருவதும் மீள்வதுமாக இருந்தமையால், பிரிவு என்பது அலனுக்குச் சிறு பருவத்திலேயே பழகிய துயராயிற்று.

தாமே கற்ற பிள்ளை

அலன் எழுத்தறிந்த வரலாறு சுவையானது. கண்ணீரின்றிப் படித்தல் எனப் பொருள்படும் பெயர் கொண்ட பாலர் நூலொன்று அவர் கைக்குக் கிட்டியது. அதனைத் துணையாகக் கொண்டு, ஏறத்தாழ மூன்று கிழமைகளுள் அவர் தாமே எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிக்கொண்டார். எழுத்தினும் எண்ணே அவர் மனத்தை விரைந்து கவர்ந்தது. வீதி வழியே நடக்குங்கால் விளக்குக் கம்பம் ஒவ்வொன்றின் முன்னும் நின்று, அதிற் பொறித்த இலக்கத்தைப் படித்த பின்னரே அப்பாற் செல்வாராம். இடக்கை எது, வலக்கை எது என்பதில் மயக்கம் உண்டானபோது இடக்கைப் பெருவிரலிலே சிவப்புப் புள்ளியொன்றை இட்டுக்கொண்டு, அதனை அறிவிக்கும் புள்ளி என்று அழைத்தார். நினைவில் நில்லாத ஒன்றைப் புறத்தே ஓர் அடையாளமாக இட்டு, அதனைப் பார்த்து நடந்துகொள்ளும் இவ்வுபாயம் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால், பின்னாளில் அவர் தம் கற்பனையிலே அமைத்த பொறியும் இவ்வாறே தாளிலிட்ட அடையாளங்களைப் பார்த்து இயங்குவதாயிற்று.

1922 ஆம் ஆண்டளவில், இயற்கையின் விந்தைகளைச் சிறுவர்க்கு எடுத்துரைக்கும் நூலொன்று அவருக்குக் கிடைத்தது. எட்வின் புறூஸ்ரர் என்னும் அமெரிக்கர் எழுதிய அந்நூல், உயிருடைய உடம்பும் ஒருவகைப் பொறியே என்னுங் கருத்தை எளிய நடையில் விளக்கியது. விஞ்ஞானத்தின்பால் தம் கண்ணைத் திறந்தது அந்நூலே என அலன் பின்னாளிலே தாயாரிடங் கூறினார். மனிதன் பொறியாயின், பொறியும் மனிதன் போலக் கற்கலாகாதோ என்னும் வினாவின் வித்து அன்றே அவர் உள்ளத்தில் விழுந்தது போலும்.

பள்ளியும் நட்பும்

1926 ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் செர்போன் என்னும் புகழ்பெற்ற பள்ளியிற் சேர்ந்தார். பாடசாலை தொடங்கும் நாளிலே நாடெங்கும் பொதுவேலைநிறுத்தம் நிகழ்ந்தமையால் புகைவண்டிகள் ஓடவில்லை. பதினான்கு வயதும் நிறையாத அச்சிறுவர், கப்பலிலிருந்து இறங்கிய சவுதாம்ரன் துறைமுகத்திலிருந்து 60 மைல் தூரத்தைத் துவிச்சக்கரவண்டியிலே கடந்து, இடையில் ஓரிரவு தங்கி, பள்ளியை அடைந்தார். எடுத்த கருமத்தை இடையூறு கண்டு விடாத உறுதி அவரிடத்தே அன்றே காணப்பட்டது.

ஆயினும் அப்பள்ளி அவரை நன்கு அறிந்துகொண்டது எனக் கூற இயலாது. பண்டை மொழிகளையும் இலக்கியத்தையுமே கல்வியின் உயிராகக் கொண்ட அவ்விடத்தில், கணிதத்திலும் இரசாயனத்திலும் மூழ்கிக் கிடந்த மாணவர் ஒருவர் பொருந்தாதவராகவே தோன்றினார். கையெழுத்துச் செம்மையில்லை, வேலையில் ஒழுங்கில்லை என ஆசிரியர் குறை எழுதினர். விஞ்ஞானத்தில் மாத்திரம் வல்லவனாக விரும்பும் ஒருவன் இத்தகைய பள்ளியிற் காலத்தை வீணாக்குகிறான் என்பது தலைமையாசிரியரின் கருத்தாயிருந்தது. அதே மாணவரோ, நுண்கணிதம் பயிலுமுன்னரே, கோணகணிதச் சார்பொன்றுக்குரிய முடிவிலாத் தொடரைத் தாமே கண்டறிந்தார். மாணவனின் உள்ளத்தே நிகழ்வதை ஆசிரியன் முழுதும் அறிவதில்லை என ரியூறிங் பின்னர் எழுதியதற்கு அவருடைய பள்ளி வாழ்க்கையே தக்க சான்றாகும்.

அப்பள்ளியில் அவர் பெற்ற பெருஞ் செல்வம் கிறிஸ்தோபர் மோர்கம் என்பவரின் நட்பு. விஞ்ஞானத்திலும் வானநூலிலும் ஒத்த ஆர்வமுடைய அவ்விளைஞர், அலனுக்கு உயிரினும் இனியராயினர். கேம்பிறிட்ஜ் புலமைப்பரிசில் தேர்வுக்கு இருவரும் ஒருங்கே சென்றனர். மோர்கம் வெற்றி பெற்றார். ஆனால் 1930 ஆம் ஆண்டு பெப்ரவரி 13 ஆம் நாள், காசநோயின் விளைவாக அவர் இறந்தார். அலனுக்கு அப்போது வயது 17. உடம்பு அழிந்தபின் அறிவு எங்குச் செல்கின்றது? உள்ளம் என்பது சடப்பொருளோடு எவ்வாறு பிணைந்துள்ளது? இவ்வினாக்களை நெஞ்சிற் சுமந்து அவர் இறந்த நண்பரின் அன்னையாருக்குக் கடிதங்கள் எழுதினார். உயிரற்ற பொருள் சிந்திக்குமா என்னும் பிற்கால ஆராய்ச்சிக்குப் பின்னே இத்துயரமும் நின்றது என்பதை மறத்தல் ஆகாது.

படிக்கும் பொறி

1931 ஆம் ஆண்டில் அவர் கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலையின் கிங்ஸ் கல்லூரியிற் புகுந்தார். 1935 இல், இருபத்திரண்டாவது வயதில், அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார். அவ்வாண்டிலே மக்ஸ் நியூமன் என்னும் பேராசிரியரின் விரிவுரைகள், கணிதவியலின் அடிப்படை வினாவொன்றை அவர்க்கு அறிமுகஞ் செய்தன. ஒரு கணிதக் கூற்று நிறுவத்தக்கதா, அன்றா என்பதை எப்போதும் தவறாது துணிந்து கூறும் பொதுமுறை ஒன்று உண்டோ என்பதே அவ்வினா. ஜேர்மானியக் கணித அறிஞர் டேவிட் ஹில்பேட் எழுப்பிய வினா அது. அத்தகைய முறை இல்லை என 1936 ஆம் ஆண்டிலே ரியூறிங் நிறுவினார். அமெரிக்காவில் அலொன்சோ சேர்ச் என்பாரும் வேறு வழியாக அதே முடிவைச் சற்று முன்னரே எய்தியிருந்தார். எனினும் ரியூறிங் சென்ற வழியே உலகை மாற்றிய வழியாயிற்று.

அவர் கொண்ட உத்தியை எளிதில் விளக்கலாம். சதுரங்களாகப் பகுத்த நீண்ட நாடாவொன்றை எண்ணுக. ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு குறி எழுதப்பட்டிருக்கலாம். அன்றி அது வெறுமையாகவும் இருக்கலாம். பொறி ஒரு நேரத்தில் ஒரு சதுரத்தை மாத்திரம் பார்க்கும். பார்த்த குறிக்கும் தான் அப்போதுள்ள நிலைக்கும் ஏற்ப, அக்குறியை மாற்றும், அல்லது விட்டுவிடும். ஒரு சதுரம் இடமோ வலமோ நகரும். தன் நிலையையும் மாற்றிக்கொள்ளும். மாணவன் ஒருவன் சதுரக்கோட்டுத் தாளில் இலக்கம் இலக்கமாக எழுதிக் கணக்குச் செய்வதை நுணுகி நோக்கி, அச்செயலை இனிப் பிரிக்கவொண்ணாத சிறு படிகளாகப் பகுத்தமையே இப்பொறி.

இதனினும் வியக்கத்தக்கது அடுத்த படி. இத்தகைய பொறியொன்றின் விதிகளையே குறிகளாக்கி நாடாவில் எழுதிவிடலாம். அவற்றைப் படித்து, அப்பொறி செய்வதனைத்தையும் தானே செய்து காட்டும் பொதுப்பொறி ஒன்றை அவர் அமைத்துக் காட்டினார். அதாவது, எழுதப்பட்ட விதியைப் படித்து அதன்படி ஒழுகும் பொறி. இன்றைய கணனிகள் யாவற்றுக்கும் மூலக்கருத்து இதுவே. பொறியின் வன்மை அதன் இரும்பிலும் கம்பியிலும் அன்று, அது படிக்கும் எழுத்திலேயே தங்கியுள்ளது என்பது அன்று தெளிவாயிற்று. எனினும் இப்படிப்பு அகரத்தை அகரமென்று அறிந்து விரல் நகர்த்தும் தொடக்கநிலைப் படிப்பே. பொருளுணர்ந்து படித்தல் இன்னும் தொலைவிலே நின்றது.

மறைமொழியைப் படித்தல்

அமெரிக்காவின் பிறின்ஸ்ரன் சர்வகலாசாலையிலே சேர்ச் என்பாரின் கீழ் ஆராய்ந்து, 1938 ஆம் ஆண்டிற் கலாநிதிப் பட்டம் பெற்று மீண்டார் ரியூறிங். மறு ஆண்டிலே இரண்டாம் உலகப் போர் மூண்டது. போர் அறிவிக்கப்பட்ட மறுநாளே, 1939 செப்ரெம்பர் 4 ஆம் நாள், அவர் பிளெச்லி பார்க் என்னும் இரகசிய நிலையத்துக்குச் சென்றார். எனிக்மா என்னும் பொறியினால் மறைத்து எழுதப்பட்ட ஜேர்மானியச் செய்திகளைப் படித்தறிவதே அங்குள்ளார்க்கு இடப்பட்ட பணி.

போலந்து நாட்டுக் கணித வல்லுநராகிய ரெயெவ்ஸ்கி முதலிய மூவர் இத்துறையிலே முன்னரே வழி திறந்திருந்தனர். அவர்கள் கண்ட நெறியை அடியாகக் கொண்டு, பொம்பே எனப்பட்ட புதிய பொறியை ரியூறிங் வகுத்தார். கோடன் வெல்ச்மன் என்பார் அதனை மேலும் திருத்தினார். 1940 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் முதற்பொறி இயங்கலாயிற்று. அதன் முறை கருதத்தக்கது. ஒரு செய்தியில் வானிலை போன்ற இன்ன சொல் இருக்கக்கூடும் என்று மனிதர் முதலில் ஊகிப்பர். அவ்வூகத்தோடு முரணும் அமைப்புக்களையெல்லாம் பொறி விரைந்து தள்ளிவிடும். எஞ்சிய சிலவற்றை மனிதர் மீண்டும் ஆராய்வர். ஊகம் மனிதனுடையது, களைதல் பொறியுடையது, முடிவு மனிதனுடையது. அத்திலாந்திக் கடலில் உணவுக் கப்பல்களைத் தாக்கிய நீர்மூழ்கிகளின் மறைமொழியைப் படிக்கும் பகுதிக்கு ரியூறிங்கே தலைவராயிருந்தார். அப்பணியினாலே காக்கப்பட்ட உயிர்கள் பல. ஆனால் அச்செயல் இரகசியமாகவே வைக்கப்பட்டமையால், அவர் வாழ்நாளில் உலகம் அதனை அறியவில்லை.

போர்க்காலத்து ஓய்வு வேளைகளில், சதுரங்கம் ஆடும் பொறி பற்றியும், தன் அனுபவத்தாற் கற்கும் பொறி பற்றியும் அவர் தோழரோடு உரையாடுவார். அங்கே முளைத்த எண்ணமே பின்னர் மரமாயிற்று.

குழந்தைப் பொறி

போர் முடிந்த 1945 ஆம் ஆண்டில், இலண்டனை அடுத்த தேசிய பௌதிக ஆய்வுகூடத்திற் சேர்ந்து, இலத்திரன் கணனியொன்றுக்கு விரிவான திட்டத்தை வரைந்தார். 1947 பெப்ரவரியில் இலண்டன் கணிதச் சங்கத்திலே நிகழ்த்திய விரிவுரையில், அனுபவத்தாற் கற்கும் பொறியே நமக்கு வேண்டுவது என அவர் எடுத்துரைத்தார். பிழையே செய்யாத பொறி அறிவுடையதாதல் இயலாது என்றும், கற்கும் மனிதனுக்குப் பிழை செய்ய இடங்கொடுக்கின்ற நாம் பொறிக்கும் அந்நீதியை வழங்கவேண்டும் என்றும் அங்கு அவர் வாதித்தார். தவறு செய்து திருந்தலே கல்வி என்பதை அறியாத ஆசிரியர் யாருளர்? ஆயினும், பொறியிடத்தும் அதனை எதிர்நோக்கிய முதல் அறிஞருள் அவர் ஒருவர்.

1948 ஆம் ஆண்டில் அறிவுடைப் பொறி குறித்து அவர் எழுதிய அறிக்கையை ஆய்வுகூடத் தலைவர் பள்ளி மாணவனின் கட்டுரையென இகழ்ந்து ஒதுக்கினார் என்பர். அது அவர் இறந்து பதினான்கு ஆண்டுகளின் பின், 1968 இலேயே அச்சேறியது. விளையாட்டு, மொழி கற்றல், மொழிபெயர்ப்பு, மறைமொழி, கணிதம் என்னும் ஐந்து துறைகளிற் பொறியைப் பயிற்றலாம் என அவர் அதிற் கூறினார். இவற்றுள் மொழி கற்றலே மனிதத் தன்மை மிக்கது. ஆனால் அதற்குக் கண், செவி முதலிய புலன்களும் நடமாட்டமும் பெரிதும் வேண்டப்படலாம் என்றும் எச்சரித்தார்.

அவ்வாண்டிலேயே மன்செஸ்ரர் சர்வகலாசாலைக்குச் சென்றார். அங்கிருந்தபடி 1950 ஒக்டோபரில், மைண்ட் என்னும் தத்துவ இதழில் அவர் எழுதிய கட்டுரையே அவர் புகழை நிலைநாட்டியது. திரைக்கு மறைவிலிருந்து எழுத்து மூலம் விடையளிப்பது மனிதனா பொறியா என வினவுவோன் பிரித்தறிய இயலாத நிலையைப் பொறி எய்துமாயின், அதற்கு அறிவுண்டு எனக் கொள்ளலாம் என்னும் சோதனையை அக்கட்டுரை வகுத்தது. அச்சோதனையைப் பலரும் அறிவர். அதன் இறுதிப் பகுதியிலுள்ள கல்விக் கொள்கையை அறிந்தவர் சிலரே.

வளர்ந்தவனின் உள்ளத்தைப் போலி செய்தற்குப் பதிலாகக் குழந்தையின் உள்ளத்தைப் போலி செய்க. பின்னர் அதற்குக் கல்வி ஊட்டுக என்பதே அக்கொள்கை. குழந்தையின் மூளையை அவர் கடையில் வாங்கிய புதிய குறிப்பேட்டுக்கு ஒப்பிட்டார். அமைப்புச் சிறிது, வெற்றுத்தாள் மிகுதி. நாளொன்றுக்கு ஆயிரம் இலக்கம் வீதம் எழுதும் 60 பேர், யாதொன்றும் வீணாகாவண்ணம் 50 ஆண்டு உழைத்தால், வேண்டிய அளவு விதிகளைக் கையாலே எழுதி முடிக்கலாம் எனக் கணக்கிட்ட அவர், இதனினும் விரைவான வழி வேண்டும் என்றார். அவ்வழியே கற்பித்தல். பரிசும் தண்டனையும் மாத்திரம் போதா; சொல்லை விளங்கிக்கொள்ளும் வாயிலொன்றும் வேண்டும் என்றார். கண்ணும் செவியும் இழந்த கெலன் கெலர் அம்மையார் கற்ற வரலாற்றைச் சுட்டி, ஆசிரியர்க்கும் மாணவர்க்குமிடையே ஏதேனும் ஒரு வழியிற் கருத்துச் சென்று மீளுமாயிற் கல்வி கைகூடும் என்றார்.

இன்னொன்று மிக நுட்பமானது. பொறியின் நினைவிற் செறிக்கப்படும் கூற்றுக்கள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல என்றார் அவர். நன்கு நிலைபெற்ற உண்மை ஒன்று; ஊகம் ஒன்று; கணிதத்தால் நிறுவப்பட்டது ஒன்று; அதிகாரமுடையார் ஒருவர் கூறியது ஒன்று; கூற்றின் வடிவு மாத்திரம் உடையதாய், நம்புதற்கு உரிமையற்றது மற்றொன்று. ஒவ்வொன்றும் தன் தரத்தோடு நினைவில் நிற்றல் வேண்டும். படித்ததையெல்லாம் ஒரே நிறையிற் கொள்பவன் கற்றவன் ஆகான் என்னும் உண்மை இதனுள் அடங்கியுள்ளது.

துயர முடிவு

ரியூறிங் தோற்றத்தில் எளியவர், ஆடம்பரம் அறியாதவர். நெடுந்தூரம் ஓடுவதில் வல்லவர். 1947 ஆம் ஆண்டில் மரதன் ஓட்டத்தை 2 மணி 46 நிமிடத்தில் முடித்தார். 1951 இல் வேத்தியற் கழக உறுப்பினரானார். 1952 இல், உயிர்களின் உடம்பிலே வரியும் புள்ளியும் தோன்றும் வகையை இரசாயனத்தாலும் கணிதத்தாலும் விளக்கும் அரிய கட்டுரையை வெளியிட்டார்.

அவ்வாண்டிலேயே அவர் வாழ்வு இருண்டது. ஆடவரோடு ஆடவர் கொள்ளும் உறவைக் குற்றமாக்கிய அக்காலத்து ஆங்கிலச் சட்டத்தின்கீழ் அவர் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். சிறையைத் தவிர்க்கும் பொருட்டு, ஓராண்டு காலம் உடலியல்பை மாற்றும் ஓமோன் மருந்தை ஏற்கவேண்டியவரானார். அரசாங்கத்தின் இரகசியப் பணியிலும் அவர்க்கு இடமில்லாது போயிற்று. நாட்டைக் காத்தவர் என்பதை நீதிமன்றமும் அறியாது. அதனைச் சொல்ல அவர்க்கும் உரிமையில்லை. 1954 யூன் 7 ஆம் நாள், சயனைட்டு நஞ்சினால் அவர் தம் இல்லத்தில் இறந்தார். படுக்கையருகே பாதி உண்ட அப்பிள் ஒன்று கிடந்தது. தற்கொலை என விசாரணை தீர்ப்பளித்தது. விபத்து என்றே தாயார் இறுதிவரை நம்பினார். மகனின் வரலாற்றை அத்தாயாரே எழுதி 1959 ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

பொறிக்கும் நீதி வழங்குக என்று வேண்டியவர்க்கு மனிதர் நீதி வழங்கத் தவறினர். இங்கிலாந்தில் அச்சட்டம் 1967 இலே தளர்த்தப்பட்டது. 2009 ஆம் ஆண்டில் பிரித்தானியப் பிரதமர் மன்னிப்புக் கோரினார்; 2013 இல் அரசியார் பொதுமன்னிப்பு வழங்கினார்; 2021 இல் அவர் உருவம் 50 பவுண் நாணயத்தாளிற் பொறிக்கப்பட்டது. கணனித்துறையின் தலையாய பரிசு 1966 முதல் அவர் பெயராலேயே வழங்கப்பட்டு வருகின்றது. இச்சிறப்பெல்லாம் அவர் செவிக்கு எட்டாத காலத்தே வந்தன.

வித்து முளைத்த விதம்

ரியூறிங் காட்டிய இரு வழிகளும் பின்னர்ச் சோதிக்கப்பட்டன. 1984 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே டக்ளஸ் லெனற் என்பார், உலகியல் அறிவு முழுவதையும் விதிவிதியாகக் கையாலெழுதிக் கணனிக்கு ஊட்டத் தொடங்கினார். பல்லாண்டு உழைத்தும் அப்பணி எளிதில் முடியவில்லை. 2010 ஜனவரியில் காணகி மெலன் சர்வகலாசாலையிலே ரொம் மிச்சல் என்னும் பேராசிரியரும் அவர் குழுவினரும் மற்றை வழியை நாடினர். இணையப் பக்கங்களை ஓயாது படித்து உண்மைகளைத் தானே திரட்டும் கணனித் தொகுதியொன்றை அமைத்தனர். நகரம், நோய், விளையாட்டுக் குழு முதலிய வகைகளையும், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து எடுத்துக்காட்டுக்களையும் மாத்திரம் அதற்குக் கொடுத்தனர். நகரங்களின் பெயரைச் சூழ்ந்து வரும் சொற்றொடர்களை அது கவனித்தது; அத்தொடர்களைக் கொண்டு புதிய நகரங்களைக் கண்டது; அந்நகரங்களைக் கொண்டு மேலும் புதிய தொடர்களைக் கற்றது. அவ்வாண்டு ஒக்டோபரளவில் ஏறத்தாழ 3,90,000 செய்திகளைத் திரட்டியிருந்தது. அவற்றுள் நூற்றுக்கு 87 வரை சரியானவை என மதிக்கப்பட்டது.

ஆயின் அது செய்த பிழையொன்று நகைப்பையும் சிந்தனையையும் ஒருங்கே தருவது. ஆங்கிலத்திற் குக்கி என்னும் சொல் இனிப்பு மாச்சில்லையும் குறிக்கும். இணையத்தளங்கள் கணனியில் இட்டுவைக்கும் சிறு குறிப்பையும் குறிக்கும். அத்தொகுதி பின்னதையும் அடுப்பிற் சுட்ட பண்டமென்றே கொண்டது. பின்னர், குக்கிகளை அழித்தேன் என்றும் கோப்புக்களை அழித்தேன் என்றும் மக்கள் எழுதியிருப்பதைக் கண்டு, கோப்பும் சுட்ட பண்டமே எனத் துணிந்தது! ஒரு தவறு அடுத்த தவறுக்குத் தாயாயிற்று. ஆசிரியர் தலையிட்டுத் திருத்தவேண்டியதாயிற்று. பரிசும் திருத்தமும் தரும் ஆசான் இன்றிக் கல்வி நிரம்பாது என்னும் ரியூறிங்கின் கருத்து இதனால் வலியுறுகின்றது.

அதன்பின் வந்த பெருமொழிக் கணனிகள் அடுத்து வருஞ்சொல் யாது என ஊகித்து ஊகித்தே மொழியைப் பயின்றன. அவை மனிதர் போலவே சரளமாக உரையாடுகின்றன. சிலவேளை இல்லாததையும் உள்ளது போல உரைக்கின்றன. உண்மையும் ஊகமும் பிறர் கூற்றும் தம் தரத்தோடு பிரிந்து நிற்கவேண்டும் என்று 1950 இலே அவர் விதித்த பாடம் இன்னும் முற்றாகக் கற்பிக்கப்படவில்லை.

நன்னூலார் தம் பாயிரத்திலே மாணாக்கரைத் தரம் பிரிக்குங்கால், பாலையும் நீரையும் பிரித்துண்ணும் அன்னத்தைத் தலையாயவர்க்கும், சொன்னதைச் சொல்லும் கிளியை இடையாயவர்க்கும் உவமை கூறினார். பொறியைக் கிளியாக்குதல் இன்று எளிதாகிவிட்டது. அதனை அன்னமாக்கும் அருஞ்செயலே எஞ்சியுள்ளது. இணையத்திற் கண்டதை அப்படியே எழுதிவந்து ஒப்புவிக்கும் மாணவனிடத்தும் ஆசிரியர் நாடவேண்டியது அவ்வன்னத்தின் இயல்பையே. இது யார் கூற்று, இதற்குச் சான்று யாது, இது உண்மையோ ஊகமோ என்று ஒவ்வொரு வரியிலும் வினவிப் படிக்கும் பழக்கமே எழுத்தறிவின் முடிந்த பயன். மூன்று கிழமையில் எழுத்தைத் தாமே கற்ற அப்பிள்ளை, தம் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்து உலகுக்கு விட்டுச் சென்ற பாடமும் அதுவே.